தொடர்மாடிச் சமையலறையில் பீனோல் அளந்த நான்கு மாதங்கள்

போன ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு ஐந்து புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தன. தாவரங்களிலுள்ள பீனோல் சேர்வைகளை அளக்க அளவுகோலாக வைக்கும் கலிக் அமிலம், மில்லிலீற்றருக்கு 10, 20, 30, 40, 50 மைக்ரோகிராம். அமிலம் கூடக்கூடக் கருவி காட்டும் அளவும் நேர்கோட்டில் கூட வேண்டும். வரைதாளில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன், புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் இடையில் பென்சில் முனை அகலம்கூட இல்லை. நான்கு மாதமாக ஏய்த்துக்கொண்டிருந்த கோடு அது. மறந்துபோவதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

தொடங்கி வைத்தது அம்மாவின் தகர டப்பாக்கள். காலையில் ஆவாரம்பூ, பின்னேரம் வில்வம்பூ, வாரத்தில் இரண்டு நாள் வல்லாரைக் கஞ்சி என்று அவருக்கு ஒரு நாட்காட்டி உண்டு. வெள்ளவத்தையில் வாங்கிய ஒரு பக்கற்றில் ‘எதிர் ஒட்சியேற்றிகள் நிறைந்தது’ என்று மூன்று மொழிகளிலும் அச்சிட்டிருந்தார்கள். எவ்வளவு நிறைந்தது என்று எந்த மொழியிலும் இல்லை. தேயிலை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்த எனக்கு அது உறுத்தியது. இலைகளிலும் பூக்களிலும் உள்ள எதிர் ஒட்சியேற்றிகளில் முக்கியமான வகை பீனோல்கள். தேயிலையில் மொத்தப் பீனோல்களை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 14502-1 என்ற நியமமே இருக்கிறது. ஃபோலின்-சியோகால்ட்டு என்ற மஞ்சள் கரைசலைச் சேர்த்து, சோடியம் காபனேற்று விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து, தோன்றும் நீல நிறத்தை 765 நனோமீற்றர் அலைநீள ஒளியில் அளக்க வேண்டும். ஃபோலினும் சியோகால்ட்டும் 1927இல் இதைப் புரதத்துக்காகச் செய்தார்கள். 1965இல் சிங்கிள்டனும் ரொஸ்ஸியும் வைனுக்காகத் திருத்தினார்கள். தேயிலைக்குச் செய்தது வல்லாரைக்குச் செய்யாதா என்று நினைத்தேன். செய்யும். ஆனால் நிறமானி, அதாவது ஒரு கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் கருவி, வேண்டும். புது நிறமானியின் விலைக்கு ஒரு பழைய முச்சக்கர வண்டியே வாங்கிவிடலாம்.

ஆகவே நானே ஒன்று கட்டினேன். 101 இலக்க பஸ் பிடித்துப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய், அளவை எண்ணாகக் காட்டும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோவின் நகல் ஒன்று, கரைசலுக்குள் ஒளி பாய்ச்ச எல்.ஈ.டி.கள், மறுபக்கம் வரும் ஒளியை உணர எல்.டி.ஆர். எனப்படும் ஒளியுணர் தடையிகள் நான்கு ஆகியவற்றை வாங்கினேன். 765க்கு எல்.ஈ.டி. கிடைக்கவில்லை. கடைக்காரப் பையன் 850 நனோமீற்றர் அகச்சிவப்பை நீட்டி, “அண்ணை, இதுதான் கிட்ட” என்றான். நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து இணைத்தால் பலகை காட்டிய எண் அசையவே இல்லை. எல்.ஈ.டி. எரிகிறதா என்று கைபேசிக் கமராவால் பார்த்தேன், ஊதா நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. பல்மீற்றரை வைத்து இரண்டு இரவுகள் வயர்களைச் சோதித்த பிறகுதான் தடையியின் தரவுத்தாளைப் படித்தேன். அதன் உணர்திறன் உச்சம் 540 நனோமீற்றரில், அதாவது பச்சையில் இருக்கிறது. அகச்சிவப்புக்கு அது குருடு. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, பார்ப்பதற்குக் கண் இல்லை.

சிவப்பு எல்.ஈ.டி.க்கு மாறினேன், 660 நனோமீற்றர். நீலக் கரைசலின் உறிஞ்சல் பட்டை அகலமானது, உச்சத்தில் இல்லாவிட்டாலும் சிவப்பில் போதிய அளவு விழுங்கும். ஆனால் தடையி சோம்பேறி. வெளிச்சம் மாறி அரை நிமிடம் கழித்தும் எண் நகர்ந்துகொண்டே இருந்தது. அதோடு வெளிச்சம் பாதியானால் எண்ணும் பாதியாகும் என்ற ஒழுங்கும் அதனிடம் இல்லை. முதல் மூன்று கோடுகள் வாழைப்பழம் போல வளைந்ததற்கு அதுவே காரணம். நானோ கரைசல்களைக் குற்றம் சொல்லி மூன்று தடவை புதிதாகக் கலக்கினேன், ஒவ்வொரு தடவையும் விலையுள்ள கரைசல் வீணானது. கடைசியில் 180 ரூபாய் கொடுத்து பி.பி.டபிள்யூ. 34 என்ற ஒளி இருவாயி (படும் ஒளிக்கு ஏற்ப மின்னோட்டம் விடும் உணரி) வாங்கினேன். அதன் கதோட்டை 5 வோல்ட்டுக்கும், மறு முனையை ஒரு மெகாஓம் தடையி வழியாக நிலத்துக்கும் இணைத்து, நடுவில் அளந்தேன். எண் உடனே நின்றது. ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுக்கு உள்ளே மங்கல் கறுப்பு வர்ணம் பூசி, எதிரெதிரே இரண்டு துளையிட்டு, நடுவில் கரைசல் ஊற்றும் ஒரு சென்ரிமீற்றர் அகலப் பிளாஸ்டிக் குவளை நிற்கும்படி செய்தேன். மூடிக்கு மாத்திரைப் போத்தல் ஒன்றின் கறுப்பு மூடி. அதை மறந்துவிட்டால் சமையலறை விளக்கும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்போது வெறுங் கரைசலுக்கு 812 காட்டுகிறது, 50 மைக்ரோகிராமுக்கு 346. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து மடக்கை எடுத்தால் உறிஞ்சல் 0.37. எனக்கு அது போதும்.

இரண்டாவது தடுமாற்றம் சோடா. சோடியம் காபனேற்றுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கச் சோம்பல்பட்டு, வீட்டிலிருந்த அப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றினேன். நீலம் வந்தது, ஆனால் சலவைக்குப் போட்ட சட்டை போல வெளிறியிருந்தது. அப்பச் சோடா இருகாபனேற்று, இந்தத் தாக்கத்துக்கு வேண்டிய காரத்தன்மை அதில் இல்லை. அதைச் சூடாக்கினால் நீரும் காபனீரொட்சைட்டும் போய்க் காபனேற்றாகிவிடும். 120 கிராமைத் தட்டில் பரப்பி, அவணில் 200 பாகையில் ஒன்றரை மணி நேரம் வைத்தேன். கணக்குப்படி 75.7 கிராம் மிஞ்ச வேண்டும். முதல் மணி நேரத்தில் 81 இருந்தது, மறுபடி வைத்தேன், 76இல் நின்றுவிட்டது. அதில் 75 கிராமை ஒரு லீற்றர் நீரில் கரைத்தால் நியமம் கேட்கும் 7.5 சதவீதக் கரைசல் தயார். செலவு 160 ரூபாய். இந்த நான்கு மாதங்களில் நான் பெருமைப்படும் ஒரே காரியம் இதுதான் என்றாலும் தவறில்லை.

நியமத்தில் குழாய்க்குப் பத்து மில்லிலீற்றர் சொல்லியிருக்கிறது. ஃபோலின் கரைசல் 100 மில்லிலீற்றருக்கு 7,900 ரூபாய் கொடுத்திருந்ததால் நான் எல்லாவற்றையும் சுருக்கினேன். மாதிரி 0.3, பத்துக்கு ஒன்றாக நீர்த்த ஃபோலின் 1.5, ஐந்து நிமிடம் கழித்துக் காபனேற்று 1.2 மில்லிலீற்றர். அளப்பதற்கு மருந்தகத்தில் வாங்கிய இன்சுலின் ஊசிகள், ஊசிமுனையைக் கழற்றிவிட்டு. ஒரே ஊசியால் பத்துத் தடவை நீர் எடுத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், கூடிய வித்தியாசம் ஒன்றரை சதவீதம். தராசு செட்டியார் தெருப் பக்கம் வாங்கியது, நகைக்கடைக்காரர் பாவிக்கும் மில்லிகிராம் தராசு. கலிக் அமிலம் நிறுக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். போத்தலில் ‘மொனோஐதரேற்று’ என்று இருந்தால் 100 மில்லிலீற்றருக்கு 0.110 கிராம் எடுக்க வேண்டும், 0.100 அல்ல. ஒட்டிக்கொண்டிருக்கும் நீருக்கும் எடை உண்டு.

நீர் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் கசாயத்தைக் குழாய் நீரில், அம்மாவின் பழைய இரும்புச் சட்டியில் காய்ச்சினேன். கடுக்காய்ப் பொடி போட்டு மூன்று நிமிடம் ஆவதற்குள் சட்டி முழுவதும் கருநீலம். எட்டிப் பார்த்த அம்மா, “இது குடிப்பதற்கா, எழுதுவதற்கா?” என்று கேட்டார். சரியான கேள்வி. இரும்பும், கடுக்காய்க்குத் துவர்ப்பைக் கொடுக்கும் தனின் என்ற பீனோல் வகையும் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி எனும் இரும்புச் சல்பேற்றையும் சேர்த்து மை செய்ததும் சாயம் போட்டதும் இதே வித்தைதான். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாறியும் மெல்லிய சாம்பல் நிறம் போகவில்லை. எங்கள் தொடர்மாடியின் குழாய்கள் எனக்கு மூத்தவை, துரு வருகிறது. பிறகு எல்லாவற்றுக்கும் எரிபொருள் நிலையத்தில் விற்கும், தாதுக்கள் நீக்கிய பற்றரித் தண்ணீர்தான், அப்போது லீற்றர் 150 ரூபாய்.

அடுத்தது வல்லாரை. இதில்தான் கூடுதலாகத் தடுக்கி விழுந்தேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளவத்தைச் சந்தையில் கட்டுக் கட்டாக வாங்கிய அரைக் கிலோ வல்லாரையைக் கழுவிப் பல்கனியில் துணி விரித்து உலர்த்தினேன். கடல் இரண்டு தெரு தள்ளி. வைகாசி மாதக் காற்றில் ஈரம் துணியைவிட்டே போகாது. மூன்றாம் நாள் இலைகள் தேயிலைத் தூள் நிறத்துக்கு வந்துவிட்டன, நடுவில் கொஞ்சம் பூஞ்சணமும். பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிட்டு மிச்சத்தைப் பொடித்துக் கசாயம் வைத்து அளந்தால் உலர் எடையில் பீனோல் 0.8 சதவீதம். அவ்வளவுதானா என்று ஏமாந்துபோனேன். பதினொரு வருடம் தேயிலையோடு இருந்தவனுக்கு உடனே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. இலை வாடி நசுங்கும்போது அதிலுள்ள நொதியம் பீனோல்களை ஒட்சியேற்றிப் பழுப்பாக்குகிறது. தொழிற்சாலைக்காரர்கள் நொதித்தல் என்று சொல்வார்களே, கறுப்புத் தேயிலையைக் கறுப்பாக்கும் அதே வேலை. பச்சைத் தேயிலை செய்பவர்கள் முதலில் இலையை ஆவியிலோ சட்டியிலோ சூடாக்குவது அந்த நொதியத்தைக் கொல்வதற்குத்தான். இரண்டாம் கட்டு வல்லாரையை இடியப்பத் தட்டில் வைத்து இரண்டு நிமிடம் ஆவி பிடித்து, பிறகு அவணை ஆகக் குறைந்த சூட்டில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து உலர்த்தினேன். 500 கிராம் 58 கிராமாகச் சுருங்கியது, நிறம் பச்சையாகவே இருந்தது. இம்முறை 1.9 சதவீதம். சந்தையும் ஒன்று, கீரையும் ஒன்று, மாறியது இரண்டு நிமிட ஆவியும் உலர்த்திய விதமும்தான்.

இத்தோடு நின்றிருக்கலாம். மதுசாரத்தில் இன்னும் கூட இறங்கும் என்று யாரோ சொன்னது காதில் இருந்ததால், மருந்தகத்து 70 சதவீத ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் ஒரு இரவு ஊற வைத்தேன். காலையில் எண் 6 சதவீதத்துக்கு மேல். துள்ளிக் குதித்து ஒரு நண்பருக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன். அவர் அனுப்பிய பதிலில் ஒரே வரி: ஃபோலின் விடாமல் அளந்தீர்களா? அளந்தேன். கரைசல் விடாமலே கால்வாசிக்கு மேல் உறிஞ்சல் இருந்தது. மதுசாரம் பச்சையத்தை வழித்துக்கொண்டு வந்திருக்கிறது, பச்சையம் விழுங்குவதும் 660க்குப் பக்கத்துச் சிவப்பைத்தான். போதாததற்குக் கலங்கலும் இருந்தது. நீர்க் கசாயத்தில் பச்சையம் இறங்காது. அம்மா குடிப்பதும் நீரில் காய்ச்சியதுதான். அன்றிலிருந்து மதுசாரப் போத்தல் முதலுதவிப் பெட்டியில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் ஃபோலின் விடாத ஒரு குவளையை அளந்து கழிப்பதை இப்போது தவறவிடுவதில்லை.

எல்லாம் சரிவந்த பிறகு எடுத்த அளவுகள் இவை. உலர்ந்த பொடி ஒரு கிராம், கொதிநீர் 100 மில்லிலீற்றர், பத்து நிமிடம், கோப்பி வடிதாளில் வடித்தது. சரிபார்ப்பதற்காக வைத்த கறுப்புத் தேயிலை 12.4 சதவீதம். எனக்குப் பழக்கமான எல்லைக்குள் விழுந்ததால்தான் மற்றவற்றை நம்புகிறேன். கடுக்காய் 27, அதை நூறு மடங்கு நீர்த்தால்தான் கோட்டுக்குள் அடங்கியது. ஆவாரம்பூ 6.1. வில்வம்பூ 3.3. வல்லாரை மேலே சொன்ன 1.9. எல்லாம் கலிக் அமிலக் கணக்கில். ஒவ்வொன்றும் மும்மூன்று தடவை அளந்தவை, வில்வம்பூவில் மட்டும் மூன்றும் சரியாக ஒத்துப்போகவில்லை.

நெல்லிக்காயையும் அளந்தேன். பட்டியலில் சேர்க்கவில்லை. ஃபோலின் விட்ட உடனேயே, காபனேற்றுக்குக்கூடக் காத்திராமல், குவளை நீலமாகத் தொடங்கியது. அந்த அவசரம் சந்தேகத்தைக் கிளப்பவே, மருந்தகத்து விற்றமின் சி மாத்திரை ஒன்றைக் கரைத்து விட்டுப் பார்த்தேன். கடும் நீலம். மாத்திரையில் பீனோல் ஏது? ஃபோலின் கரைசலுக்குப் பீனோலை மட்டும் அடையாளம் காணத் தெரியாது, தன்னைத் தாழ்த்தக்கூடியது, அதாவது தனக்கு இலத்திரன் கொடுக்கக்கூடியது, எது வந்தாலும் நீலம் காட்டும். நெல்லியில் விற்றமின் சி நிறைய. இரண்டையும் பிரிக்க என்னிடம் வழி இல்லாதவரை நெல்லி வெளியேதான்.

பட்டியலைக் காட்டியதும் அம்மா கேட்டது, “அப்படியென்றால் வல்லாரையை விட்டுவிட்டுக் கடுக்காயைக் குடிக்கட்டுமா?” வேண்டாம் என்றேன். வல்லாரையில் பேர்போன சேர்வைகளான ஏசியாற்றிகோசைட்டும் அதன் உறவுகளும் பீனோல் அல்ல, திரிதர்ப்பீன் என்ற வேறு வகை. ஃபோலினுக்கு அவை கண்ணிலேயே படாது. என் சிவப்பு விளக்கு சொன்ன 1.9ஐ வைத்து வல்லாரையை மட்டம் தட்டினால், தேங்காயை அதன் புளிப்பை வைத்து மதிப்பிட்ட கதையாகும்.

பீனோல் கூடியது ஏதாவது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. வீட்டில் தட்டு வைத்துக் கிருமி வளர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. சமையலறையில் ஏற்கனவே ஒரு கிருமிப் பண்ணை இருக்கிறது, தோசை மா. உழுந்து அரைத்த அன்று மாவை ஒரே அளவான நான்கு நேர்க் கண்ணாடிக் குவளைகளில் ஆறு சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றினேன். ஒன்றில் வெறும் நீர், மற்றவற்றில் ஐந்து சதவீத வல்லாரை, ஆவாரம்பூ, கடுக்காய்க் கசாயங்கள், எல்லாம் 20 மில்லிலீற்றர் வீதம். ஒன்பது மணி நேரம் கழித்து நீர்க் குவளை 10.5, வல்லாரை 10.5, ஆவாரம்பூ 10. கடுக்காய் 7.5இல் நின்றுவிட்டது.

கடுக்காய் கிருமியைக் கொல்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டேன். பிறகு மூக்கை வைத்துப் பார்த்தால் நான்கும் ஒரே புளிப்பு. பி.எச். தாள் வைத்தேன், நான்கிலும் ஒரே நிறம். பற்றீரியா வழக்கம்போலத் தன் வேலையைச் செய்திருக்கிறது. மா புளித்திருக்கிறது, பொங்கவில்லை. தனின் புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடும் என்பது தோல் பதனிடுபவர்களுக்குப் பழைய செய்தி. உழுந்தின் புரதம்தான் குமிழிகளைத் தாங்கிப் பிடிப்பது, அதைக் கடுக்காய் கட்டிப்போட்டதும் வாயு தங்க இடமில்லாமல் போயிருக்க வேண்டும். கடுக்காயின் சொந்தப் புளிப்புத்தான் காரணமோ என்று தேசிக்காய்ப் புளி விட்ட குவளை ஒன்றையும் மறுநாள் வைத்தேன். அது 9.5 வரை ஏறியது. அடிக்கோட்டை வெட்டிவிட்டேன். உயரத்தை மட்டும் பார்த்து, மூக்கையும் தாளையும் மறந்திருந்தால் அந்த வரி அப்படியே இருந்திருக்கும்.

செலவு: கருவி 2,760 ரூபாய், ஃபோலின், கலிக் அமிலம், நூறு குவளைகள் சேர்த்து 15,700, சோடா, தண்ணீர், ஊசிகள் 960, தராசு 3,400, காபோஸ் ஒழுங்கையில் வாங்கிய மூலிகைகளும் சந்தை வல்லாரையும் 900. மொத்தம் 23,720. குருட்டுத் தடையிகளுக்கும் அகச்சிவப்பு விளக்குக்கும் கொடுத்த 340ஐ இதில் சேர்க்கவில்லை, அது படிப்புச் செலவு.

மறுபடி செய்தால் முதலில் தரவுத்தாளைப் படிப்பேன். தடையி வாங்க மாட்டேன், நேரே ஒளி இருவாயிதான். செடி வளர்ப்பவர்களுக்காக 730 நனோமீற்றர் தொலைசிவப்பு எல்.ஈ.டி. வருகிறது. அது கிடைத்தால் உச்சத்துக்குக் கிட்டப் போகலாம், பச்சையத்தின் தொல்லையும் வெகுவாகக் குறையும். தேயிலையை நான்காம் மாதம் அல்ல, முதல் நாளே அளப்பேன், விடை முன்பே தெரிந்த ஒன்று கையில் இருந்தால் பிழை கருவியிலா கரைசலிலா என்று இரண்டு இரவு விழிக்க வேண்டியதில்லை. கழிவை மட்டும் முதலிலிருந்தே சரியாகச் செய்தேன். தங்குதனும் மொலிப்தினமும் உள்ள நீர் என்பதால் தொட்டியில் ஊற்றாமல் ஐந்து லீற்றர் கலனில் சேர்த்து, பழைய ஆய்வுகூட நண்பர் ஒருவர் மூலம் முறையாகக் கொடுத்து அழிக்க ஏற்பாடு. கையுறை இல்லாமல் ஃபோலின் போத்தலைத் திறந்ததும் இல்லை.

மிச்சம் 61 மில்லிலீற்றர் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில், அம்மா தொடாத ஊறுகாய்த் தட்டில், கறுப்புத் தாள் சுற்றி வைத்திருக்கிறேன். மஞ்சள் பச்சையாக மாறினால் எறிய வேண்டும், இன்னும் மஞ்சள்தான்.

கடுக்காய் மாவை வீணாக்க மனமில்லாமல் அம்மா அன்று மாலை தோசைக்கல்லில் ஊற்றினார். இரும்புக்கல். ஓரத்திலிருந்து நடுவுக்குக் கருநீலம் பரவியது. அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடுப்பை அணைத்தேன்.